விரிசலுக்கு ஒரு தேதி

கரிசல் காட்டில் வீட்டுச் சுவர் விரிவது புதிய சங்கதி இல்லை. சித்திரை, வைகாசியில் திருச்சுழியைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆட்டுக்குட்டியின் கால் இறங்கும் அளவுக்குப் பிளவுகள் ஓடும். ஐப்பசியில் இரண்டு மழை பெய்துவிட்டால் அதே நிலம் உப்பிப் பிளவெல்லாம் மூடிக்கொள்ளும். அந்த மண்ணின் மேல்தான் வீடும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மேல்நிலைத் தொட்டியும் நிற்கின்றன. நிலம் உப்பி வற்றும்போது கட்டடமும் கூடவே அசைகிறது. கோடையில் கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல் கார்த்திகையில் மயிரிழையாக ஒடுங்கும். அடுத்த கோடையில் மறுபடி வாய் திறக்கும். ஆகவே இந்தப் பக்கத்தில், சுவரில் விரிசல் இருக்கிறதா என்று கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. போன வருஷம் இதே மாதத்தில் அது எவ்வளவு அகலம் இருந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் கையில் பெரும்பாலும் ஒரு குறிப்பும் இருப்பதில்லை. கட்டடங்கள், பாலங்களின் உடல்நலத்தைக் கண்காணிக்கும் அறிவியல் முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியின் மேல்தான் நிற்கிறது. கருவி பிறகு வரலாம். முதலில் வேண்டியது தேதி போட்ட அளவு.

மண்ணிலிருந்தே தொடங்குவோம். கரிசலின் களிமண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு தடிமனே உள்ள ஏடுகள் சீட்டுக்கட்டுபோல் அடுக்கியிருக்கும் அமைப்பு அது. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் கட்டு உப்பும், தண்ணீர் போனால் சுருங்கும். இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய சோதனை இந்தியத் தரநிலையிலேயே உண்டு. காயவைத்துப் பொடித்துச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, நூறு மில்லி கண்ணாடி உருளைகள் இரண்டில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். நன்றாகக் கலக்கி ஒரு நாள் விட்டுவிட்டால், மண்ணெண்ணெய்க்குள் மண் அசையாமல் படிந்திருக்கும்; தண்ணீருக்குள் அதே பத்து கிராம் பொங்கி உயர்ந்திருக்கும். தண்ணீரில் உள்ளது மண்ணெண்ணெயில் உள்ளதைப்போல் இரண்டு பங்கு என்றால் வீக்கம் நூறு சதவீதம் என்று எழுதுவார்கள். அந்த உருளையில் நடப்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் அஸ்திவாரத்துக்குக் கீழேயும் நடக்கிறது. ஆனால் வீட்டுக்கு அடியில் அது ஒரே சீராக நடப்பதில்லை. நடுவீட்டுக்குக் கீழே ஈரம் அவ்வளவாக மாறாது. வெளிச்சுவர் ஓரம்தான் மழையில் நனைந்து வெயிலில் காய்கிறது. குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் மூலை எப்போதும் உப்பியே இருக்கும். வேப்பமரம் நிற்கும் பக்கம் வேர் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் நிலம் இறங்கும். ஒரே வீட்டின் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் நிற்பதுபோல ஆகிவிடுகிறது. செங்கல் சுவருக்கு வளையத் தெரியாது; அது விரிகிறது.

இதற்குக் கட்டுமான வழி தெரியாமல் இல்லை. ஈரம் மாறாத ஆழம்வரை, ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்குத் துளையிட்டு, அடியில் குமிழ்போல் அகலமாகக் குடைந்து காங்கிரீட் நிரப்பும் அஸ்திவாரத்தை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தியக் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்தது. ஆனால் ஏற்கெனவே கட்டி நிற்பவை அப்படிக் கட்டப்பட்டவை அல்ல. மூன்றடி, நான்கடி வானம் தோண்டிக் கல் அடுக்கிய சுவர்களோடுதான் மக்கள் வாழ்கிறார்கள். எனவே நமக்கு வேண்டிய அறிவு, எந்த விரிசல் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது, எந்த விரிசல் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து கொஞ்சம் குறைவாக மூடுவது என்று பிரித்துச் சொல்லும் அறிவு. முதல் வகைக்குப் பூச்சு வேலை போதும். இரண்டாவது வகையில் சுவர் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒருநாள் வந்து பார்க்கும் எவராலும், எவ்வளவு படித்தவரானாலும், இரண்டையும் நிச்சயமாகப் பிரித்துவிட முடியாது. இரண்டும் அன்றைக்கு மூன்று மில்லிமீட்டர்தான்.

பழைய மேஸ்திரிகளிடம் இதற்கு ஒரு கைமுறை இருந்தது. விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பிலோ சிமெண்டிலோ ஒட்டிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கண்ணாடி சொல்லாது. ஒருமுறை உடைந்ததும் அதன் வேலை முடிந்தது. அதைவிட நல்ல வழி, விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று முக்கோணமாக மூன்று சிறு திருகாணிகளைச் சுவரில் பதித்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிவைப்பது. முக்கோணத்தின் பக்கங்கள் மாறும் விதத்தைக்கொண்டு சுவர் விலகுகிறதா, ஒரு பக்கம் கீழே இறங்குகிறதா, இரண்டும் சேர்ந்து நடக்கிறதா என்று கணக்கிட்டுவிடலாம். விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் தேதி எழுதுவது இதைவிடவும் எளிது. அடுத்த முறை பார்க்கும்போது நுனி கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பது குழந்தைக்கும் தெரியும்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் ஃபாராரும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் வோர்டனும் கட்டமைப்புகளைக் கண்காணிக்கும் இந்தத் துறைக்கு அடிப்படை விதிகள் சிலவற்றை வகுத்தார்கள். சேதத்தைக் கண்டுபிடிப்பதென்றால் ஒரு கட்டமைப்பின் இரு வேறு நிலைகளை ஒப்பிட்டாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சென்சார் சேதத்தை நேரடியாக அளப்பதில்லை என்பது இன்னொன்று. சென்சார் அளப்பது நீட்சியை, அதிர்வை, சாய்வை, வெப்பத்தை. அவற்றிலிருந்து சேதத்தை ஊகிப்பது மனிதனோ கணக்குமுறையோ செய்யும் வேலை. சந்தையில் பானை வாங்குபவர் விரலால் தட்டிப் பார்க்கிறார். நல்ல பானையின் ஓசை எப்படியிருக்கும் என்று காதில் ஏற்கெனவே பதிந்திருப்பதால்தான் கீறல் விழுந்த பானையின் ஓசையை அவரால் தள்ள முடிகிறது. பாலத்தைத் தட்டிப் பார்ப்பதும் அதே போன்றதுதான். ஒவ்வொரு பாலத்துக்கும் இயல்பான அதிர்வெண்கள் உண்டு. அவை பாலத்தின் விறைப்பையும் எடையையும் பொறுத்தவை. எடை மாறாமல் விறைப்பு பத்து சதவீதம் குறைந்தால் அதிர்வெண் ஐந்து சதவீதம் இறங்கும், ஏனென்றால் அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து மாறுவது. லாரி ஒன்று கடந்துபோகும்போது எழும் நடுக்கமே போதும். பாலத்தின் மேல் ஒட்டிய ஒரு முடுக்கமானி அந்த ஓசையைக் கேட்டுவிடும்.

ஆனால் இங்கே ஒரு பெரிய தடை இருக்கிறது. கரிசல் வீட்டில் பருவம் செய்யும் குழப்பத்தைப் பாலத்தில் வெயில் செய்கிறது. சுவிட்சர்லாந்தில் இடிக்கப்படவிருந்த இசட்24 என்ற நெடுஞ்சாலைப் பாலத்தை, 1997, 1998 ஆண்டுகளில் பல மாதங்கள் தொடர்ந்து கேட்டார்கள். பிறகு வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தியும் கேட்டார்கள். சேதம் ஏதும் செய்யாத மாதங்களிலேயே அதிர்வெண்கள் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கின. குளிரில் சாலையின் தார் உறைந்து விறைத்ததுதான் முக்கியக் காரணம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அலமோசா கேன்யன் பாலத்தின் அதிர்வெண் ஒரே நாளுக்குள் ஏறத்தாழ ஐந்து சதவீதம் மாறியது. பாலத்தில் எந்தப் பழுதும் ஏற்படவில்லை, சூரியன் உதித்து மறைந்தது, அவ்வளவுதான். நம் வெயிலில் இருபது மீட்டர் இரும்புச் சட்டம் பத்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளும். தாங்கிகளில் அந்த நீட்சிக்கு இடமில்லாமல் அழுக்கும் துருவும் அடைத்திருந்தால் அளவுகள் இன்னும் குழம்பும். எனவே ஒரே ஒரு நல்ல நாள் அளவை எடுத்து அதையே என்றைக்குமான அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது. குறைந்தது ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவங்களையும் கடந்து, வெப்பத்தையும் சேர்த்துப் பதிந்தால்தான் பாலத்தின் சொந்த மூச்சு எது, நோயின் மூச்சு எது என்று பிரியும். இந்தத் துறையின் ஆராய்ச்சி பெருமளவு இந்தப் பிரிப்பைப் பற்றியதுதான்.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை போகும் தண்டவாளம், அங்கே ராமேஸ்வரம் பாதையோடு சேர்கிறது. அந்தப் பாதையின் கடைசியில்தான் இந்தியாவில் இந்த அறிவியல் தன் பயனைக் கண்முன் காட்டிய இடம் இருக்கிறது. பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளாகத் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் பகுதி. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவற்றை அடித்துக்கொண்டுபோனது. தூக்குப் பகுதி தப்பியது. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் மறுபடி நின்றது. புயலால் வீழ்த்த முடியாததை உப்புக்காற்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பாம்பன், மண்டபம் கரை உலகிலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஆய்வு நிலையம் வைத்து இந்தக் காற்றில் உலோகங்கள் என்ன ஆகின்றன என்று ஆராய்ந்தது. பழைய பாலத்தில் சென்னை ஐஐடியின் உதவியோடு சென்சார்கள் பொருத்தப்பட்டன. 2022 டிசம்பரில், அதே தூக்குப் பகுதியிலிருந்து வந்த அளவுகள் அபாய எல்லையைத் தொட்டதும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் பயணிகள் ரயில் அந்தப் பாலத்தில் ஓடவே இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும்வரை ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே போனார்கள். இரண்டு ஆண்டுக்கு மேலான அந்தச் சிரமத்தை எடுத்துச் சொல்லிக் குறைபட்டவர்கள் உண்டு. ஆனால் நூறு வயது கடந்த ஒரு பாலம் ஒரு ரயிலையும் கடலில் தள்ளாமல் ஓய்வுபெற்றது. விபத்து நடக்காததால் அது பெரிய செய்தியாகவில்லை. என் கணிப்பில், தமிழ்நாட்டுப் பொறியியல் வரலாற்றில் அதைவிட முக்கியமான டிசம்பர் மாதங்கள் அதிகமில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வும் இருக்கிறது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே 1967இல் திறக்கப்பட்ட ஐ-35டபிள்யூ பாலம், 2007 ஆகஸ்ட் 1 மாலை நெரிசல் நேரத்தில் விழுந்து 13 பேர் இறந்தனர். சட்டங்கள் கூடும் இடத்தில் அவற்றைப் பிணைக்கும் இரும்புத் தகடுகள் சில, வடிவமைப்புப் பிழையால் இருக்க வேண்டிய தடிமனில் பாதியே இருந்தன. பாலம் ஆண்டுதோறும் முறையாகச் சோதிக்கப்பட்டு வந்ததுதான். விசாரணையில் தெரிந்த ஒன்று மனத்தை உறுத்துவது: 2003இலேயே எடுக்கப்பட்ட புகைப்படங்களில் அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெரிகிறது. ஆதாரம் கையில் இருந்தது. ஆனால் கட்டிய நாளில் தகடு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் கேட்கவில்லை. படம் எடுப்பது கண்காணிப்பு ஆகிவிடாது. ஒப்பிடுவதுதான் கண்காணிப்பு.

அனுபவம் உள்ள பொறியாளர் நேரில் பார்ப்பதைவிடக் கருவி பெரிதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கண்ணால் பார்ப்பதைக் கைவிடச் சொல்லும் அறிவியல் எதுவும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும் நோய் ஒன்று இந்தப் பக்கத்தில் உண்டு. விருதுநகர், ராமநாதபுரம் வறட்சிப் பகுதிகளில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உவர். காங்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கம்பி போட்ட வேலைக்கு ஆகாது என்கிறது இந்தியத் தரநிலை. உவர்த் தண்ணீரில் கலந்த காங்கிரீட்டுக்குள் கம்பியின் மேல் உள்ள காப்புப் படலத்தைக் குளோரைடு உடைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து உப்பி காங்கிரீட்டைத் தள்ளும். மேற்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரியும் நாளில் கம்பியின் கனம் ஏற்கெனவே குறைந்திருக்கும். மின்முனை ஒன்றைக் காங்கிரீட்டின் மேல் வைத்து உள்ளே இருக்கும் கம்பியின் மின்னழுத்தத்தை அளந்தால், வெளியே ஒரு கீறலும் தெரியாதபோதே அரிப்பு நடக்கிறதா என்று பெருமளவு சொல்லிவிட முடியும். 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்ந்து பழுதானவற்றை இடிக்க அரசு உத்தரவிட்டது. செய்ய வேண்டிய வேலை. ஆனாலும் ஒரு தடவை பார்ப்பது, இடி அல்லது விடு என்ற இரண்டே பதிலைத்தான் தரும். விட்டுவிட்ட கட்டடத்துக்கு அடுத்த ஆண்டு யார் வந்து, எந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை.

கோயில்கள் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றனவே, அவற்றுக்கு எந்தச் சென்சார் இருந்தது என்பது அடிக்கடி கேட்கும் வாதம். திருச்சுழியில் குண்டாற்றங்கரையில் நிற்கும் திருமேனிநாதர் கோயிலைக் காட்டியே அதைச் சொல்லலாம். நிற்பவற்றை மட்டும் நாம் பார்க்கிறோம் என்பது முதல் பதில். விழுந்தவை கணக்கில் வருவதில்லை. கல்லைக் கல்லின் மேல் அடுக்கிய கட்டுமானம் சிறு அசைவுகளை மூட்டுகளில் வாங்கிக்கொள்ளக் கூடியது என்பது இரண்டாவது பதில். அதற்குள் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. மூன்றாவது பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: கோயில்கள் கவனிக்கப்படாமல் நிற்கவில்லை. குடமுழுக்குக்கு முன் திருப்பணி என்ற பெயரில், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் தளத்தையும் தூணையும் விமானத்தையும் பார்த்துச் செப்பனிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சிற்றூர்ப் பாலத்துக்கும் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கும் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

செலவு என்ன ஆகும் என்பது கடினமான கேள்வி. பாம்பனுக்குச் செய்ததைக் குண்டாற்றின் ஒவ்வொரு பாலத்துக்கும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு 2016இல் மத்திய அரசு ஒரு பாலப் பதிவேட்டைத் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது. சிறு சாலைகளின் பாலங்களுக்கு வேண்டியது அந்த மாதிரியான ஒரு பதிவு, அதோடு வறட்சிக் காட்டுக்கே உரிய ஒரு சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளும் புத்தி. ஆற்றுப் பாலங்கள் விழுவதற்கு உலகெங்கும் முதன்மைக் காரணங்களில் ஒன்று, வெள்ளம் தூணின் காலடி மணலை அரித்துக்கொண்டு போவது. வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தை மணல் பெருமளவு மறுபடி நிரப்பிவிடும் என்பதால் மறுநாள் வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆற்றில் எஞ்சிய பள்ளத்தை அளக்கப் படகும் ஒலியலைக் கருவியும் வேண்டும். ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் குண்டாற்றில் ஓர் ஆள் நாடாவோடு இறங்கினால் போதும். தூணின் தலைப்பிலிருந்து மணல்மட்டம்வரை எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு கண்ணிலும் அளந்து எழுதலாம். மணல் அள்ளியதால் ஆற்றின் மட்டமே இறங்கியிருந்தால் அதுவும் அந்த எண்ணில் தெரிந்துவிடும். தூணில் மீட்டர் குறித்து வண்ணம் அடிப்பதற்கு ஆகும் செலவு, சென்சாரோடு ஒப்பிடத்தக்கதே அல்ல. சென்சார் எங்கே வேண்டும் என்பதை இந்த எண்கள்தான் சொல்ல வேண்டும்; எண் இல்லாமல் வாங்கிப் பூட்டிய சென்சார், மின்கலம் தீர்ந்த அன்றே வெறும் பெட்டி.

எல்லா அழிவும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1967இல் ஓஹியோ ஆற்றில் விழுந்து 46 உயிர்களைக் கொண்டுபோன சில்வர் பாலத்தில், ஓர் இரும்புக் கண்ணி, தனக்குள் இருந்த இரண்டரை மில்லிமீட்டர் ஆழமே உள்ள வெடிப்பால் திடீரென்று முறிந்தது. பிரித்துப் பார்க்காமல் அந்த வெடிப்பை அன்று யாராலும் கண்டிருக்க முடியாது. ஒரு கண்ணி போனால் மொத்தமும் போகும்படி கட்டிவிட்டு, கண்காணிப்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது அதிலிருந்து வரும் பாடம். அமெரிக்கா அந்த விபத்துக்குப் பிறகுதான் நாடு முழுவதும் பாலங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. கரிசல் சுவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அது மெதுவாக, வெளிப்படையாக, பருவம் தவறாமல் தன் நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அதைக் கேட்டுக்கொள்ள ஆண்டுக்கு இரண்டு நாள் போதும். நிலம் மிகவும் வெடித்திருக்கும் சித்திரைக் கடைசியில் ஒன்று; மண் முழுக்க நனைந்து உப்பியிருக்கும் மார்கழியில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் இந்த வேலையை மாணவர்களே ஆசிரியரோடு சேர்ந்து செய்யலாம். விரிசலுக்குக் குறுக்கே ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, நுனியில் பென்சில் கோடு இழுத்து, தேதி எழுதி, அதே எண்ணை ஒரு நோட்டில் பதிய வேண்டும். மூன்றாவது சித்திரையின் எண் முதல் சித்திரையின் எண்ணைவிட மில்லிமீட்டர் கணக்கில் கூடியிருந்தால், அந்த நோட்டோடு பொறியாளரிடம் போகலாம். அவர் அப்போது ஒரு விரிசலைப் பார்க்க மாட்டார். மூன்று ஆண்டுகளைப் பார்ப்பார்.